பாதித் தூரம்

பாஸ்கட்பாலான்னு கேட்டிய பாத்தியளா, அங்கதான் எனக்குக் கோவம் வந்துட்டு. கொஞ்சம் நீட்டமா ஒருத்தி பஸ்ஸுல ஏறிரக் கூடாது, உடனே பக்கத்துல இருக்கிறவ கேக்கது, பாஸ்கட்பாலா? பொம்பள நீட்டமா இருந்தா அதுக்கு ஒரு காரணம் சொல்லணுமா? எங்க அப்பா நீட்டம், நானும் நீட்டம். அவ்வளவுதான். பாஸ்கட்பால் இல்ல டீச்சர், வாலிபால். அதுலயும் அடிக்கிறவ இல்ல. லிஃப்டர்.

தெரியாதுல்லா? தெரியாது. பி.டி. பீரியடைக் கேட்டு வாங்கிக் கணக்கு நடத்துத ஆளுன்னு உங்களப் பாத்தாலே சொல்லிரலாம். கோவிச்சுக்கிடாதிய. ரயில்வே கேட்டை அடைச்சாச்சு, ரெண்டு வண்டி போனாத்தான் தொறப்பான்னு கண்டக்டர் சொல்லிட்டாரு. நீங்களும் எங்கயும் போக முடியாது, நானும் போக முடியாது. கேட்டுட்டியள்லா, முழுசாக் கேளுங்க.

ஒரு பக்கத்துக்கு ஆறு பேரு. பந்து நம்ம பக்கம் வந்தா மூணு தட்டுக்குள்ள அங்கிட்டு அனுப்பிரணும். முதத் தட்டு, வாரதை ஏந்துதது. மூணாவது தட்டு, அடிக்கது. இந்த ரெண்டுக்கும்தான் சனங்க கை தட்டும். நடுவுல ஒண்ணு இருக்குல்லா, ரெண்டாவது தட்டு, அது என் தட்டு. பந்து எங்க கெடந்தாலும் நான் ஓடிப்போய் அதுக்கு அடியில நிக்கணும். எவ அடிக்கணும், எங்க இருந்து அடிக்கணும், எம்புட்டு உயரத்துல அடிக்கணும், எல்லாம் என் பத்து விரல்ல இருக்கு. கார் ஓட்டுதவளை விட்டுட்டுக் காரைப் பாத்துக் கை தட்டுவாவ பாருங்க, அந்த மாதிரி ஒரு வேலை.

என் கையில பந்து வந்துட்டுப் போற சத்தமே கேக்காது. அம்பயர் காதைத் தீட்டிக்கிட்டு நிப்பாரு, ரெண்டு தடவை பட்டுதா, பிடிச்சு எறிஞ்சுட்டாளா, விசில் ஊதிரலாம்னு. ஒண்ணும் கேக்காது. அதை வெச்சுத்தான் எனக்கு வேலையே கெடச்சுது. எந்த ஆபீஸ்னு கேக்காதிய, சொல்ல மாட்டேன். ஒன்பது வருசம் கேப்டன். ஆபீஸ்ல என் நாற்காலி எந்த மூலையில கெடக்குன்னு கூட எனக்குத் தெரியாது. காலையில கிரவுண்டு, சாயங்காலம் கிரவுண்டு, மாசத்துல பாதி நாளு வெளியூரு. சுகிர்தான்னு சொன்னா மெட்ராஸ் டீம்காரிகளே, ஐயோ அவளான்னு கேப்பாளுக.

எனக்கு முப்பத்தி மூணு வயசு நடந்துக்கிட்டு இருந்த சமயம். ஜூன் மாசம். போர்வையைப் பிழிஞ்சுக்கிட்டு இருக்கேன், சோத்தாங்கை மணிக்கட்டுல ஆணி இறக்கின மாதிரி ஒரு வலி. சரியாப் போயிரும்னு விட்டுட்டேன். சரியாகல. ரெண்டு வாரத்துல சப்பாத்தி மாவு பிசைய முடியல. எங்க வீட்டுக்காரர் கேட்டாரு, "ஏன் இடது கையால பிசையுத?" நீங்க பிசையுங்களேன்னு சொல்லி மாவை அவரு பக்கம் தள்ளிட்டுப் போயிட்டேன். அவரே பிசைஞ்சு முடிச்சாரு.

இப்போ கேளுங்க. நெட்டோரம் என் பக்கத்துலயே நிக்கிறவளுக்குத் தூக்கிக் குடுக்கதுக்குக் கை அவ்வளவு வேண்டாம். ஆனா இடது கோடியில ஒருத்தி நிப்பா. அவளுக்கு நான் நிக்கிற எடத்துல இருந்து பந்தை அனுப்பணும்னா இருபது அடிக்கு மேல. உங்க வீட்டு வாசல்ல இருந்து அடுப்படி வரைக்கும்னு வெச்சுக்கிடுங்க. அம்புட்டு தூரம் போயி, சொன்ன எடத்துல, பூ விழுத மாதிரி எறங்கணும். அதுக்கு மணிக்கட்டு வேணும். அந்தப் பந்துதான் எனக்குப் போகல. பாதியிலயே எறங்கிட்டு.

முத வாரம், பாஸ் சரியில்லன்னு பின்னால நின்னவளத் திட்டினேன். அடுத்த வாரம், பந்துல காத்து இல்லன்னேன். அதுக்கடுத்த வாரம் கடல்காத்து பந்தை இழுக்குன்னேன். எம்புட்டு நாளைக்கு? அப்புறம் மூளையைப் போட்டேன். கை போனா என்ன, மூளை இருக்குல்லா. நடுவுல நிக்கிறவ கிருபா, என் வயசுச் சோட்டுக்காரி, எனக்குக் கையெட்டுத தூரத்துலதான் குதிப்பா. எல்லாப் பந்தையும் அவளுக்கே குடுக்க ஆரம்பிச்சேன். ரெண்டடி தூக்கினாப் போதும், அவ வெட்டி எறிஞ்சிருவா. அதுக்கு 'ஸ்பீடு கேம்'னு நானே ஒரு பேரு வெச்சேன். எங்க கோச் திரவியம் சாரு பூரிச்சுப் போயிட்டாரு. "சுகிர்தா புதுசா ஒண்ணு கொண்டாந்திருக்கா"ன்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டு அலைஞ்சாரு. கைக்கு உள்ளுக்குள்ள பிளாஸ்திரி, அதுக்கு மேல முழுக்கை பனியன். வேற ஊருக்குப் போயி, வேற பேரு குடுத்து ஊசி போட்டுக்கிட்டேன். ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது. இப்படிச் சமாளிக்க எத்தனை பேருக்கு வரும், சொல்லுங்க.

அந்த நேரம் பாத்து வந்து சேந்தா, பேச்சித்தாய்.

விளாத்திகுளத்துக்கு அங்கிட்டு ஒரு கரிசல்காடு. அம்மாவும் அப்பாவும் வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம் போடுதவங்க. அவளுக்குப் பத்தொம்பது வயசு. என்னை விட நாலு விரக்கட நீட்டம். குதிச்சான்னா... குதிச்சா என்ன, எல்லாரும்தான் குதிக்கா. சரி, பொய் எதுக்கு, அப்படி ஒரு குதியை நான் பாத்தது இல்ல. மேல போயி கொஞ்ச நேரம் அங்கேயே இருப்பா. ஒரு வருசத்துக்குத் தற்காலிகமா எடுத்திருந்தாவ. அந்த வருசம் மாநிலப் போட்டியில நல்லா ஆடினா வேலை நிரந்தரம், இல்லன்னா ஊரப் பாக்கப் போக வேண்டியதுதான். அவளுக்கு எடம் எதுன்னு நெனைக்கிய? இடது கோடி.

விதியப் பாருங்க. எந்தக் கோடிக்கு என்னால பந்து போடமுடியாதோ, அந்தக் கோடியில கொண்டாந்து அவளை நிறுத்துதாவ.

பாவம், ஒவ்வொரு தடவையும் முழு ஓட்டம் ஓடி வருவா. முழு உயரம் போவா. கையைப் பின்னால இழுத்துக்கிட்டு மேல நிப்பா. பந்து கிருபாவுக்குப் போயிரும். இவ வெறுங்கையோட எறங்குவா. திரும்பப் போயி கோடியில நிப்பா. திரும்ப ஓடி வருவா. நானே அவளக் கூப்புட்டுச் சொன்னேன், "ஏட்டி, நீ குதிக்கது வீண் இல்ல. அங்கிட்டு இருக்கிறவளுக உன்னப் பாத்து ஏமாறுவாளுக, அதுக்குள்ள கிருபா அடிச்சிருவா. இதுக்குப் பேரு டம்மி"ன்னு. "சரிக்கா"ன்னா. அம்புட்டு தூரம் எடுத்துச் சொல்லிக் குடுத்தவ நான். நல்லது நெனச்சுத்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் மாசம் திரவியம் சாரு கேட்டாரு. "ஏம்மா சுகிர்தா, இடது கோடிக்குப் பந்தே போகமாட்டேங்கு?"

"டைமிங் சரியில்ல சார்"ன்னேன்.

அதுல ஒரு பொய் உண்டா? டைமிங் சரியில்லதான். யாரு டைமிங்னு அவரு கேக்கல. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு எனக்குத் தெரியாது. ஆனா கேக்கல. ரெண்டு மேட்சுக்கு அவள வெளியில உக்கார வெச்சாரு. அதுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? கோச்சு அவரா, நானா?

இந்தா, ஒரு வண்டி போகுது. குட்ஸ். இதுக்கு இம்புட்டு நேரம். இன்னொண்ணு இருக்கு, உக்காருங்க.

செப்டம்பர் கடைசியில ஒரு நாளு, பிராக்டிஸ் முடிஞ்சு தண்ணித்தொட்டிக்குப் பின்னால நின்னு பழைய பிளாஸ்திரியைப் பல்லால கடிச்சு உரிச்சுக்கிட்டு இருக்கேன். அங்க யாரும் வரமாட்டாவ. அவ வந்து நிக்கா.

"எக்கா, நான் சுத்தி விடட்டா?"

"எதை?"

"கையை."

"கைக்கு என்ன?"

உரிஞ்சு தொங்குன பிளாஸ்திரியைப் பாத்தா. நான் முறைச்சேன். அப்புறம் தரையைப் பாத்துக்கிட்டே சொல்லுதா, "நான் வந்ததுல இருந்து உங்க கையைத்தான்க்கா பாத்துக்கிட்டு இருக்கேன். மேல போனா பந்து வராதுல்லா, வேற என்னத்தப் பாக்க? நீங்க கோடி வரைக்கும் தூக்க வேண்டாம். பாதித் தூரம் தூக்குங்க, போதும். நான் உள்ள ஓடியாந்து அடிச்சுக்கிடுதேன். யாருக்கும் தெரியாது. இதுவும் உங்க புது ஆட்டம்னு நெனச்சுக்கிடுவாவ."

கேட்டியளா? பாதித் தூரம். எனக்கு. மெட்ராஸ்காரியே எதுக்க எழும்ப யோசிப்பா, அப்பேர்ப்பட்ட எனக்கு, நேத்து வந்த சிறுக்கி பாதி போட்டுக் குடுக்கா. நீங்களா இருந்தா என்ன செய்வியளோ, எனக்குத் தெரியாது. நான் காலுக்கிட்ட கெடந்த பந்தை எடுத்து மூஞ்சியில விட்டெறிஞ்சேன். இடது கையாலதான், அதனால அம்புட்டு வேகம் இருக்காது. மூக்குல இருந்து ரத்தம் வந்துட்டு. "பாதி வேணும்னா உங்க ஊர்ல போயி கரிமூட்டத்துல கேளு"ன்னேன். அழவும் இல்ல, ஒண்ணும் இல்ல. பனியனைத் தூக்கி மூக்கைப் பொத்திக்கிட்டுப் போயிட்டா.

மறுநாள் மூக்கு வீங்கி வந்து நிக்கா. சாரு கேக்காரு, என்ன ஆச்சுன்னு. "பிராக்டிஸ்ல பந்து பட்டுட்டு சார்"ங்கா. நான் பக்கத்துலதான் நிக்கேன். என் கை விசயத்தையும் அவ யார்ட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா அன்னைக்கே அவளுக்குப் பந்து கெடச்சிருக்கும், வேலை கெடச்சிருக்கும். சொல்லல. ஏன் சொல்லல? நெனச்சுப் பாருங்க. நேரம் பாத்து அடிக்கணும்னு உள்ளுக்குள்ள வெச்சிருக்கா. வேற என்ன காரணம் இருக்க முடியும்? நான் எம்புட்டோ யோசிச்சுப் பாத்துட்டேன், வேற காரணம் தோணல.

மாநிலப் போட்டி நாமக்கல்ல. பைனல், சாயங்காலம் நாலு மணி வெயில்ல. எதிர்ல மெட்ராஸ் டீம். ரெண்டு செட்டு நாங்க, ரெண்டு செட்டு அவளுக. அஞ்சாவது செட்டு, பதினஞ்சு பாயிண்டு யாரு முதல்ல எடுத்தாலும் கப்பு. எனக்குக் கையில ஊசி போட்டு மூணு நாளு ஆயிட்டு, மருந்து வேகம் எறங்கிட்டு. அங்கிட்டு இருக்கிறவளுகளும் லேசுப்பட்டவளுக இல்லயே. நாலு செட்டு பாத்துட்டாளுக, பந்து நடுவுல மட்டும்தான் போகுது. மூணு பேரு சேந்து கிருபாவுக்கு எதுக்க செவுரு மாதிரி எழும்புதாளுக. அவ அடிக்க அடிக்க அவ காலடியிலயே வந்து விழுது. எட்டுக்குப் பதினொண்ணு. நாங்க எட்டு.

இடது கோடி காலி. பேச்சிக்கு எதுக்க ஒரு குருவி இல்ல. உலகத்துல எந்த லிஃப்டரும் அங்கதான் போடுவா.

சர்வீஸ் வந்துது. பின்னால நின்னவ அழகா எடுத்துக் குடுத்தா. பந்து என் தலைக்கு மேல வந்துக்கிட்டு இருக்கு. அப்போ கத்துதா டீச்சர். கோடியில இருந்து ஓடி வந்துக்கிட்டே, ரெண்டாயிரம் பேரு கூடியிருக்கிற எடத்துல, தொண்டை கிழியக் கத்துதா. "பாதி! எக்கா, பாதி!"

எதிர் டீமு கேட்டுது. திரவியம் சாரு கேட்டாரு. பெவிலியன்ல இருந்தவன் வரைக்கும் கேட்டிருப்பான். அதுவரைக்கும் மூடி மூடி வெச்சதை நடுக் கிரவுண்டுல போட்டு உடைச்சுட்டா.

போட்டிருக்கலாம். பாதியில போட்டிருக்கலாம். போட்டிருந்தா அவ அடிச்சிருப்பா, அது எனக்குத் தெரியும். போட மாட்டேன்னு தோணிட்டு. முழுசாப் போடுதேன் பாருடின்னு, இருக்கிற உசிரையெல்லாம் கையில கொண்டாந்து, கோடியைப் பாத்துத் தள்ளினேன். மணிக்கட்டுக்குள்ள படக்குன்னு ஒரு சத்தம். பந்து சத்தம் கேக்காத கை, அன்னைக்கு எலும்புச் சத்தம் எனக்கே கேட்டுது. பந்து எட்டடி கூடப் போகல. நெட்டுல பட்டு எங்க பக்கமே விழுந்துது. அவ பாதித் தூரத்துல, மேல, கையை ஓங்கிக்கிட்டு நின்னா. அப்புறம் எறங்கினா. வழக்கம்போல வெறுங்கையோட.

எட்டு, பன்னெண்டு. திரவியம் சாரு என்னை வெளிய கூப்புட்டாரு. ஒன்பது வருசத்துல முத தடவை. நான் அவரத் தாண்டிப் போகும்போது கையைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, "எப்போல இருந்து?"ன்னு மட்டும் கேட்டாரு. நான் நேராத் தண்ணி பாட்டிலுக்குப் பக்கத்துல போயி உக்காந்தேன்.

எனக்குப் பதிலா ஹெப்சின்னு ஒரு பிள்ளைய விட்டாரு. ரெண்டாவது லிஃப்டர். அவ தூக்குத பந்தை நீங்க பாக்கணுமே. ஒண்ணு நெட்டு மேல உக்காரும், ஒண்ணு கிரவுண்டுக்கு வெளிய போகும், ஒண்ணு அரைத் தென்னை உயரம். ஒரு பந்து சொன்ன எடத்துக்குப் போகல. ஆனா எல்லாம் கோடிப் பக்கமாப் போச்சு. பேச்சி எல்லாத்தையும் அடிச்சா. வெளிய போறதை ஓடிப்போயி அடிச்சா, பின்னால விழுததை வளைஞ்சு அடிச்சா. ஒரு வருசப் பந்தையும் சேத்து வெச்சு அன்னைக்கே அடிச்ச மாதிரி இருந்துது. ஒண்ணு கூட எடுக்க முடியல மெட்ராஸ்காரிகளால. பதினஞ்சுக்குப் பன்னெண்டு. அதுக்கு மேல அவளுகளுக்கு ஒரு பாயிண்டு கூடக் கெடைக்கல. சனங்க உள்ள எறங்கிட்டு.

நான் பெஞ்சுல உக்காந்து என்ன நெனச்சேன்னா... இம்புட்டு மோசமான பந்தையே இப்படி அடிக்காளே, என் கை நல்லா இருந்த காலத்துல இவ வந்திருந்தா... விடுங்க. கண்டதை எல்லாம் சொல்லிக்கிட்டு.

அவளுக்கு வேலை நிரந்தரம் ஆயிட்டு. காகிதத்துல கேப்டனும் கையெழுத்துப் போடணும். போட்டேன். கட்டுப் போட்டிருந்ததால இடது கையால போட்டேன். கோணலா இருக்கு, செல்லாதுன்னு திருப்பி அனுப்புவான்னு பாத்தேன். அனுப்பல. மறுவருசம் அவளே கேப்டன். எனக்கு ஆபரேசன் ஆச்சு, கிரவுண்டு முடிஞ்சுது. எந்த மூலையில நாற்காலி கெடக்குன்னு தெரியாதுன்னேம்லா, இப்போ அதுலதான் உக்காந்து சீல் குத்துதேன். கிறிஸ்மசுக்குக் கிறிஸ்மஸ் அவ போன் போடுவா. அடிச்சு ஓயட்டும்னு விட்டுருவேன். ஒரு தடவை வீட்டுக்கே வந்துட்டா, ஹெப்சிக்கு லிஃப்ட் சொல்லிக் குடுங்கக்கான்னு கேட்டு. நான் வெளிய வரல. எங்க வீட்டுக்காரரு காப்பி போட்டுக் குடுத்து அனுப்பினாரு. அதுக்காக அவர்ட்ட நான் ஒரு வாரம் பேசல.

வேலை போவட்டும், கேப்டன் போவட்டும், கிரவுண்டுல கத்தினது கூடப் போவட்டும். அதுக்கெல்லாம் எனக்குக் கோவம் இல்ல. என்ன சிரிக்கிய? நெசமாத்தான் சொல்லுதேன், இல்ல. எனக்குக் கோவம் வேற ஒண்ணுக்கு. அதை இன்னும் யார்ட்டயும் சொன்னது இல்ல. உங்கள நான் இனிமே பாக்கப் போறது இல்லல்லா, அதனால சொல்லுதேன்.

அன்னைக்குக் கப்பு குடுத்தாவ. கேப்டன்தான வாங்கணும். மைக்குல என் பேரச் சொல்லுதான். கை வீங்கித் தொங்குது, அந்தால ஆசுபத்திரிக்குப் போவோம்னு சாரு சொன்னாரு, நான் கேக்கல. மேடையில ஏறினேன். கப்புன்னா சின்னதா நெனச்சுக்கிடாதிய, இடுப்பு உயரம், வெங்கலம். கலெக்டரம்மா தூக்கி என் கையில வெச்சாவ. ரெண்டு கையாலயும் வாங்கினேன். கீழ இருந்து போட்டோக்காரன், "மேல தூக்குங்க, மேல தூக்குங்க"ங்கான். தூக்கினேன். சோத்தாங்கை விரலு ஒண்ணொண்ணாத் தொறக்குது டீச்சர். நான் மூடச் சொல்லுதேன், அது தொறக்குது. கப்பு சாயுது. ரெண்டாயிரம் பேரு பாத்துக்கிட்டு இருக்கு.

அப்போ பின்னால இருந்து ஒரு கை வந்துது. கருத்த, நீட்டமான கை. கப்புக்கு அடியில, ஒருத்தருக்கும் தெரியாம, என் கையோட கை ஒட்டுன மாதிரி வந்து தாங்கிக்கிட்டுது. நான் திரும்பிப் பாத்தேன். அவ என்னைப் பாக்கல. போட்டோக்காரனைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு நிக்கா. மூக்குல நான் எறிஞ்ச பந்தோட தழும்பு இன்னும் இருக்கு. நாங்க எறங்குத வரைக்கும் அந்தக் கையை எடுக்கல. எறங்கினதும் கும்பலோட போயிட்டா. மறுநாள் பேப்பர்ல நான் தனியாத் தூக்கிக்கிட்டு நிக்கிற மாதிரியே போட்டிருந்தான்.

விழட்டும்னு விட்டிருக்கலாம்லா? நான் அவளுக்குச் செஞ்சதுக்கு, அவ மேடையில, அத்தனை பேரு முன்னால, விழட்டும்னு விட்டிருக்கலாம்லா? விட்டிருந்தா அன்னைக்கே கணக்கு நேராயிருக்கும். நான் அவள மன்னிச்சிருப்பேன்.